முப்பத்தொன்றாம் ஷரத்து: கடலூர், புதுச்சேரி வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வணிகர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மஞ்சக்குப்பத்தில் நாலு வருஷமாகக் கேக் கடை நடத்துகிறேன். போர்டில் மின்னுகிற பெயர் வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகிற ஷரத்து, அதாவது கையெழுத்தே போடாத கம்பெனிக்குக் கடைக்காரர்மேல் நேரடி உரிமை தருகிற ஷரத்து, இன்னும் பல கம்பெனிகளின் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது என்பது ஒரு காரணம். நாளைக் காலை ஆறு மணிக்கு வர வேண்டிய கேக் வண்டி அவர்களுடையது என்பது இன்னொரு காரணம்.

ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள், அதாவது பணம் கட்டி ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்துபவர்கள், நம் சங்கங்களில் இப்போது நிறைய இருக்கிறோம். டீக்கடை, மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, பிள்ளைகளின் பிளே ஸ்கூல், டியூஷன் சென்டர் என்று எல்லாமே இப்படித்தான் வருகிறது. நெய்வேலியில் ஓய்வுபெற்ற பணத்தைக் கொண்டுவந்து இதில் போட்டவர்களை எனக்கே நாலைந்து பேர் தெரியும். சங்கக் கூட்டத்தில் நாம் ஜிஎஸ்டி, குப்பை வரி, நடைபாதைக் கடைகள் பற்றியெல்லாம் பேசுகிறோம். நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் மூன்று படி. மேலே கம்பெனி. நடுவில் மாஸ்டர் ஃபிரான்சைஸி, அதாவது ஒரு மாநிலத்தையே மொத்தமாக எடுத்துக்கொண்டு உள்ளே கடைகளைப் பிரித்துக் கொடுப்பவர். கீழே நாங்கள். தமிழ்நாட்டு மாஸ்டர் சென்னையில் இருக்கிறார். புதுச்சேரிக்கு வேறு மாஸ்டர். கம்பெனியில் யாரோ வரைபடத்தைப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்கள். பாகூர்ப் பக்கம் ஒரு தடவை பைக்கில் போய்வந்திருந்தால் அந்தக் கோட்டின் லட்சணம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த வயல் தமிழ்நாடு, எந்த வயல் பாண்டி என்று ஒயின்ஸ் கடை போர்டைப் பார்த்துத்தான் நாமே சொல்கிறோம்.

நான் பணம் கட்டுவதற்கு முன்னால் மாஸ்டர் தன் லேப்டாப்பைத் திருப்பி, கம்பெனியோடு தான் போட்ட ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைக் காட்டினார். ஒரு டெரிட்டரியில், அதாவது பிரித்துக் கொடுத்த விற்பனை எல்லையில், இருக்கும் கடை அடுத்த டெரிட்டரிக்குள் விற்கவோ டெலிவரி செய்யவோ கம்பெனி அனுமதிக்காது, மீறினால் கம்பெனி நடவடிக்கை எடுக்கும் என்று அதில் இருந்தது. "மேடம், கடலூர் டவுன் முழுக்க உங்களோடது" என்றார். நகல் கேட்டேன், அந்தப் பக்கத்தை மட்டும் கொடுத்தார். அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

போன வருஷம் கோடை விடுமுறையில் செம்மண்டலத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பிறந்தநாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மேசைமேல் எங்கள் பிராண்டு கேக். எனக்குச் சந்தோஷம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒட்டியிருந்த பில் கன்னியக்கோவில் கடையுடையது. வாட்ஸ்அப்பில் ஆர்டர், இருபது சதவீதம் தள்ளுபடி, வேனில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதாம். "உங்க கடைதானேம்மா, எல்லாம் ஒண்ணுதானே?" என்று அந்த வீட்டம்மா கேட்டபோது என்ன சொல்வது? அதற்குப் பிறகு கவனித்ததில் கூத்தப்பாக்கம், திருப்பாப்புலியூர் வரைக்கும் அந்த வேன் போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கம்பெனிக்கு மெயில் போட்டதாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்து நானே கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் ஒரே பத்தியில் வந்தது. நீங்கள் சுட்டும் ஒப்பந்தம் எங்களுக்கும் மாஸ்டருக்கும் இடையில் உள்ளது, அதில் நீங்கள் தரப்பினர் இல்லை, ஆகவே அதன் எந்த ஷரத்தையும் அமல்படுத்தக் கோரும் உரிமை உங்களுக்கு இல்லை.

என் வக்கீல் அதைப் படித்துவிட்டு, "அம்மா, எழுதினது சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு பேர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மூன்றாவது ஆள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதை நேராகச் சொல்லும் பிரிவு எதுவும் கிடையாது. இங்கிலாந்து வழக்குகளிலிருந்து வந்த கொள்கை இது. எம்.சி. சாக்கோ வழக்கில் 1969-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விதிவிலக்குகள் உண்டு. மூன்றாவது ஆளின் நன்மைக்காக ஒரு சொத்தின்மேல் அறக்கட்டளை மாதிரி ஏற்பாடு இருந்தால் அவர் கேட்கலாம், குடும்ப ஏற்பாடு என்றால் கேட்கலாம். இதில் பழைய வழக்கு ஒன்றை வக்கீல் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் போடுகிறார்கள். மருமகளுக்கு மாதம் 500 ரூபாய் வெற்றிலைப் பெட்டிச் செலவுக்குத் தருவதாக மாப்பிள்ளையின் அப்பா எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பெண் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் அவர் வழக்குப் போட்டபோது, அப்போது இந்தியாவின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1910-ல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்து 500 ரூபாய் வெற்றிலைக்கு என்றால் எவ்வளவு வெற்றிலை என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது வேறு விஷயம். மருமகளுக்குக் கிடைத்த அந்த உரிமை, கடைக்காரிக்குக் கிடைக்கும் என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை.

இதுவரைக்கும் சொன்னது சட்டத்தின் கதை. இதில் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தது என் சொந்த ஒப்பந்தத்தை அன்று ராத்திரி முழுசாகப் படித்தபோதுதான். நாற்பத்திரண்டு பக்கம், எல்லாம் ஆங்கிலம். நாலு வருஷத்தில் அதுதான் நான் முதல்முறை கடைசிவரை படித்தது. ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஒப்பந்தம் எனக்கும் மாஸ்டருக்கும் இடையில் ஆனது. கம்பெனி அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் முப்பத்தொன்றாம் ஷரத்து இப்படிச் சொல்கிறது: கம்பெனி இந்த ஒப்பந்தத்தின் தரப்பினராக இல்லாவிட்டாலும், இதனால் பயன்பெறுபவர் என்ற முறையில் இதன் எல்லா ஷரத்துகளையும் கடைக்காரர்மேல் நேரடியாக அமல்படுத்தலாம். அதே ஷரத்தின் இரண்டாம் வாக்கியம்: கம்பெனியைத் தவிர வேறு எந்த மூன்றாம் நபருக்கும் இந்த ஒப்பந்தம் எந்த உரிமையும் தராது.

அதோடு விடவில்லை. கடை திறக்கும்போது கட்டட உரிமையாளரிடமும் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என் ஃபிரான்சைஸ் ரத்தானால் வாடகை ஒப்பந்தத்தைக் கம்பெனியோ கம்பெனி சொல்லும் ஆளோ எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. கட்டடக்காரர் எழுபது வயதுப் பெரியவர். ஏதோ ஃபார்மாலிட்டி என்று நினைத்துப் போட்டுவிட்டார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஆக, மூன்றாவது ஆளை ஒப்பந்தத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கம்பெனிக்கு நன்றாகத் தெரிகிறது. தனக்குத் தேவைப்பட்ட இடத்தில் கடைக்காரரையும் கட்டியது, கட்டடக்காரரையும் கட்டியது. எனக்குத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் நான் மூன்றாவது ஆள்.

"அப்படியானால் அவர்கள் கேக்கை விட்டுவிட்டு நீங்களே சுட்டு விற்க வேண்டியதுதானே" என்று எங்கள் தெருவில் ஒரு நண்பர் கேட்டார். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை வேறு சரக்கு விற்கமாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குளிர்பானக் கம்பெனி ஒன்றுக்கும் அதன் பாட்டில் நிரப்பும் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தக் காலத்துக்குள் இப்படிப்பட்ட தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருக்கிறது. அந்த ஷரத்தை என்மேல் அமல்படுத்த, முப்பத்தொன்றின்படி, கம்பெனியே நேரில் வரும்.

வர்த்தக முத்திரை விஷயத்திலும் இதே கதைதான். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு பேக்கரி எங்கள் பிராண்டு மாதிரியே எழுத்து, அதே ரோஸ் கலரில் போர்டு வைத்தது. 1999-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தில், பதிவு செய்யப்பட்ட பயனாளர் என்றால் 52-ஆம் பிரிவின்படி போலி போடுகிறவர்மேல் தானே வழக்குத் தொடரலாம். பதிவு செய்யாமல் வெறும் அனுமதியின்பேரில் பெயரைப் பயன்படுத்துபவருக்கு அந்த உரிமை இல்லை என்று 53-ஆம் பிரிவு சொல்கிறது. என்னைக் கம்பெனி பதிவு செய்யவில்லை. உங்களில் யாரையாவது செய்திருக்கிறதா என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். ராயல்டி கட்டுவது நாம், போலிக்கடையால் நஷ்டப்படுவது நாம், புகார் எழுதிவிட்டுக் காத்திருப்பதும் நாம்.

இனி புதுச்சேரி நண்பர்களுக்கு. இந்த மடலைக் கடலூர்ச் சங்கத்துக்கு மட்டும் எழுதாமல் உங்களையும் சேர்த்ததற்குக் காரணம் கன்னியக்கோவில் தம்பி. சண்டை போடத்தான் அவர் கடைக்குப் போனேன். சின்னப் பையன், முப்பது வயது இருக்கும். உட்காரச் சொல்லிவிட்டு, "அக்கா, எனக்கும் இதே கதைதான். வில்லியனூர்க் கடை வண்டி அரியாங்குப்பம் வரைக்கும் வருது. கேட்டா நீ பார்ட்டி இல்லங்கறாங்க. டார்கெட் வரலைன்னா ரத்து பண்ணிடுவோம்னு மிரட்டறாங்க. நான் எங்கக்கா போய் விக்கறது?" என்றார். அவர் ஒப்பந்தத்தையும் எடுத்துக் காட்டினார். மாஸ்டர் பெயர்தான் வேறு. முப்பத்தொன்றாம் ஷரத்து அச்சு மாறாமல் அப்படியே இருந்தது. திரும்பும்போது அரை கிலோ பிளாக் ஃபாரஸ்ட் கட்டிக் கொடுத்தார். நான் விற்கிற அதே கேக்.

உங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் நடைமுறையில் இருந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1121-ஆம் பிரிவு, இரண்டு பேர் ஒப்பந்தம் செய்யும்போது மூன்றாவது ஒருவருக்கு நன்மை எழுதி வைக்க இடம் கொடுத்தது. அந்த மூன்றாவது ஆள் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டால் பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. முதலில் குறுகலாகத்தான் இருந்தது. ஆயுள் காப்பீடு பரவிய 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நீதிமன்றங்கள் அதை அகலமாக்கின. 2016-ல் அங்கே ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை, 1205-ஆம் பிரிவாக வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. 1968-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் வழியே இந்திய ஒப்பந்தச் சட்டம் உங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. புஸ்ஸி வீதியில் கடை வைத்திருந்த ஒருவரின் தாத்தாவுக்குச் சட்டத்தில் இருந்த வழி பேரனுக்கு இல்லை. இணைந்ததைக் குறையாகச் சொல்லவில்லை, வருகிற வழியில் இந்தச் சாமான் மட்டும் வண்டியிலிருந்து விழுந்துவிட்டது என்கிறேன்.

நமக்கு இந்தக் கொள்கையைக் கொடுத்த இங்கிலாந்தே 1999-ல் தனிச் சட்டம் போட்டு அதை மாற்றிக்கொண்டது. மூன்றாவது ஆள் அமல்படுத்தலாம் என்று ஒப்பந்தமே சொன்னாலோ, ஒரு ஷரத்து பெயராலோ வகையாலோ அடையாளம் காட்டப்பட்ட ஒருவருக்கு நன்மை தருவதாக அமைந்திருந்தாலோ, அவர் நேராக நீதிமன்றம் போகலாம். நம் நாட்டில் சட்ட ஆணையம் 1958-ல் தன் 13-ஆம் அறிக்கையிலேயே இப்படி ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது. அப்போது என் அப்பாவுக்கு எட்டு வயது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

ஆனால் சட்டம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இங்கிலாந்துச் சட்டமே, வேண்டாமென்றால் ஒப்பந்தத்தில் அதை விலக்கி எழுதிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. அங்கத்திய வக்கீல்கள் அப்படி விலக்கும் ஒரு வரியை வழக்கமாகவே சேர்த்துவிடுகிறார்கள். பேரம் பேசும் பலம் இல்லாதவருக்குச் சட்டம் கொடுத்ததை ஒரு வரியில் பறித்துவிடலாம். அதனால்தான் இந்த மடலை டெல்லிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் வக்கீல் சொன்ன வழி எளிமையானது. நம் சட்டம் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: வாக்கு நமக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வாக்குக்கான பிரதிபலனை, அதாவது அதற்குப் பதிலாகத் தரும் பணத்தையோ பொருளையோ, யார் கொடுத்தார்கள் என்பது பெரிதில்லை. இதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றமே வழிகாட்டி. 1882-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கு. ஒரு மூதாட்டி தன் நிலத்தை மகளுக்கு எழுதி வைக்கிறார், தன் உடன்பிறந்தவருக்கு வருஷம் 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மகள் அந்தத் தொகையைத் தருவதாக உடன்பிறந்தவருக்கே நேராக எழுதிக் கொடுக்கிறார். பிறகு, "நீ எனக்கு ஒன்றும் தரவில்லையே, நிலம் அம்மா தந்தது" என்று மறுக்கிறார். நிலம் யார் தந்தாலும் வாக்கு வாக்குதான் என்றது நீதிமன்றம். அங்கே அவர் ஜெயித்ததற்குக் காரணம் அந்த நேரடிக் காகிதம்.

நமக்கு வேண்டியதும் அந்த ஒரு காகிதம்தான். மாஸ்டரோடு நாம் ஒப்பந்தம் போடும் அன்றே, கம்பெனி நம் பெயருக்கு ஒரு பக்க உறுதிக் கடிதம் தர வேண்டும். "நீங்கள் மாஸ்டருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை முன்னிட்டு, உங்கள் டெரிட்டரிக்குள் எங்கள் வேறு கடை எதுவும் விற்கவோ டெலிவரி செய்யவோ அனுமதிக்கமாட்டோம் என்று உங்களுக்கு நேரடியாக உறுதியளிக்கிறோம்" என்ற வாக்கியம் அதில் இருந்தால் போதும். முடிந்தால் கம்பெனி, மாஸ்டர், கடைக்காரர் மூவரும் போடும் முத்தரப்பு ஒப்பந்தமாகவே கேட்கலாம். அது இல்லாமல், மாஸ்டரின் ஒப்பந்தத்துக்குள் நம் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இன்றைய சட்டத்தில் அது நிற்கும் என்று சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கையெழுத்துப் போடாத நிறுவனத்தையும் அதன் நடத்தையைப் பார்த்துச் சில சூழல்களில் நடுவர் தீர்ப்பாய ஒப்பந்தத்துக்குள் (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம்) கொண்டுவரலாம் என்று சொன்னதை எடுத்துக்காட்டிச் சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். என் ஒப்பந்தத்தில் நடுவர் விசாரணை நடக்கும் இடம் குருகிராம். போக வர ரயில் டிக்கெட்டுக்கும் வக்கீல் கட்டணத்துக்கும் எத்தனை கேக் விற்க வேண்டும்?

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். எல்லாக் கடைக்காரருக்கும் எல்லா ஷரத்தையும் அமல்படுத்தும் உரிமை கொடுத்தால், பக்கத்துக் கடை கிரீம் குறைத்துப் போட்டது, யூனிஃபார்ம் போடவில்லை என்று நாம் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டே அழிந்துபோவோம். நம்மவர்களைப் பற்றி எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். டெரிட்டரி, சரக்கு அனுப்பும் பொறுப்பு, விளம்பர நிதிக்கு என்று மாதாமாதம் பிடிக்கிற பணத்தின் கணக்கு, மாஸ்டர் ஓடிப்போனாலோ அவர் உரிமை ரத்தானாலோ நம் கடையைக் கம்பெனி தொடர்ந்து நடத்தவிடும் என்ற உறுதி. இந்த நாலும் போதும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மாஸ்டர் விழுந்தால் அவருக்குக் கீழே இருக்கும் கடைகள் எல்லாம் ஒரே நாளில் அந்தரத்தில் தொங்கும்.

தனியாகக் கேட்டால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். "ஸ்டாண்டர்டு ஃபார்மட் மேடம், மாத்த முடியாது" என்றார்கள். பிரான்ஸில் 1989-ல் வந்த சட்டப்படி, கையெழுத்துக்கு 20 நாள் முன்னதாகவே கம்பெனி தன் விவரங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இங்கே ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. எனக்கு நாற்பத்திரண்டு பக்கத்தை ஓட்டல் லாபியில் கொடுத்து, மாலைக்குள் போட்டுத் தரச் சொன்னார்கள். ஒரு ஆளை அவசரப்படுத்தலாம். இரண்டு ஊர்ச் சங்கமும் சேர்ந்து, உறுதிக் கடிதம் இல்லாமல் எங்கள் உறுப்பினர் யாரும் புதிதாகக் கையெழுத்துப் போடமாட்டார், புதுப்பிக்கவும் மாட்டார் என்று சொன்னால் அவசரம் அவர்களுக்கு வரும். கடலூரிலும் பாண்டியிலும் கடை இல்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர்கள் எந்த வரைபடத்தைக் காட்டுவார்கள்?

இரண்டு சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ரெட்டிச்சாவடி செக்போஸ்ட்டைத் தாண்டுவது அவ்வளவு கஷ்டமா என்ன? வக்கீல் ஒருவரை வைத்து அந்த ஒரு பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத ஆகும் செலவில் என் பங்கை இப்போதே தருகிறேன். கன்னியக்கோவில் தம்பியும் தருவதாகச் சொன்னார்.

என் ஒப்பந்தம் வருகிற மார்ச் 31-ல் முடிகிறது. புதுப்பிக்கும் காகிதம் மெயிலில் வந்துவிட்டது. முப்பத்தொன்றாம் ஷரத்து இப்போது முப்பத்து மூன்றாக மாறியிருக்கிறது, வாக்கியம் மாறவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மூன்று ஒப்பந்தங்களின் அந்தப் பக்கங்களையும், கட்டட உரிமையாளரிடம் வாங்கிய கடிதத்தின் நகலையும் கொண்டுவருகிறேன். ஜிஎஸ்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்தில் கேக் கடை நடத்தும் ஓர் உறுப்பினர்